பெட்டியில் இல்லாத வண்டு

மருந்துக்கார ஐயா மகாலிங்கம் தன் கறுப்புக் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புதருக்குள் நின்றால், தேயிலைத் தோட்டத்துச் சனம் சிரிக்கத்தான் செய்யும். கொழுந்துக் கூடையோடு அந்த வழியாகப் போகிற பெண்கள், மழையைத் தடுக்க வேண்டிய குடையில் மழையைச் சேர்த்து வைக்கப் பார்க்கிறார் என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று புதரை உலுக்குகிற கந்தப்பனுக்கு மட்டும் சிரிப்பு வராது. உலுக்க உலுக்கக் குடைக்குள் இலையும் எறும்பும் சிலந்தியும் பொலபொலவென்று கொட்டும். அதற்குள் ஒரு நீளக்கொம்பு வண்டு விழுந்துவிட்டால் போதும், இரண்டு பேரும் குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு உலகத்தையே மறந்துபோவார்கள்.

கந்தப்பன் துரை பங்களாவின் பூந்தோட்டக்காரன். மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே நிறத் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார் என்று தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்தில் கேலி பேசினாலும், கைராசிக்காரர் என்கிற பெயரும் அவருக்கு உண்டு. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் இந்த வண்டுகள். ஊரிலிருந்து வருகிற சுருட்டுப் பெட்டிகளின் அடியில் தக்கையை ஒட்டி, ஒவ்வொரு வண்டையும் ஊசியில் குத்தி, வரிசை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். மனுசர் வைத்தியம் பார்க்க வந்தாரா வண்டு பிடிக்க வந்தாரா என்று அவர் வீட்டுக்காரியே சலித்துக்கொள்வாள்.

ஆபீஸ் ஐயாமார் யாரும் லயத்து ஆளை வாசற்படிக்கு மேலே ஏற்றுவது கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். மகாலிங்கம் ஏற்றினார். விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையைக் காட்டி, "இரும்" என்றார். கந்தப்பன் முதல்நாள் பயந்து வாங்கின் நுனியில்தான் உட்கார்ந்தான். தேத்தண்ணியும் அதே கிளாசில், அவர் குடிக்கிற மாதிரிக் கிளாசில் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைச் சொன்னவன்தான், பிறகு சொல்லிச் சொல்லி அவன் பெண்சாதி பேச்சியம்மாவுக்குக் காது புளித்துப்போனது.

"அந்தக் கிளாசையே கேட்டு வாங்கியாந்து சாமி படத்துகிட்ட வச்சிக்கவேன்" என்று ஒருநாள் சொன்னாள்.

"ஒனக்கு என்னடி தெரியும்? அவரு மனுசன மனுசனா பாக்குறவரு" என்றான் கந்தப்பன்.

அப்படித்தான் நம்பினான், பாவி மனுசன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் காட்டோரமாகப் போவார்கள். விழுந்து கிடக்கிற மரங்களின் பட்டையைப் பெயர்த்துப் பார்ப்பார்கள், விறகு அடுக்கியிருக்கிற இடங்களைக் கிளறுவார்கள். ஒரு வண்டு அகப்பட்டால் மகாலிங்கம் அதன் இரண்டு பக்கத்தையும் விரலால் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார்.

"இஞ்சை பாரும் கந்தப்பன். கொம்பு உடம்பைவிட நீளமோ? கழுத்துக்கு ரெண்டு பக்கமும் முள்ளு நிக்குதோ? எந்த மரத்திலை இருந்தது, உயிர் மரமோ பட்ட மரமோ? இவ்வளவும் தெரிஞ்சால் ஆள் ஆரெண்டு பாதி கண்டுபிடிச்சிடலாம்."

அவர் சொல்கிற இங்கிலீசுப் பெயர் எதுவும் கந்தப்பனின் நாக்கில் நிற்கவில்லை. அவனாகப் பெயர் வைத்தான். அத்தி மரத்தில் இருக்கிற, பெருவிரலைவிட நீளமான, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள் போட்ட பெரிய வண்டுக்குப் புள்ளிக்காரன். ஈர விறகில் ஊருகிற மெலிந்த செம்பழுப்பு வண்டுக்குப் பென்சில். கையில் எடுத்தால் இந்த வண்டுகள் கழுத்தை ஆட்டி ஆட்டிக் கீச்சுக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தை வைத்தே எவனென்று சொல்லிவிடுவேன் என்று கந்தப்பன் பீற்றிக்கொள்வான். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்வான், மகாலிங்கம் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒரு வருசம் பங்களா வேலியோரத்துக் காகிதப்பூவில் கிளைகள் பொட்டுப் பொட்டென்று பட்டுப்போயின. கந்தப்பன் கிட்டப்போய்ப் பார்த்தால், கிளையைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல ஒரு வெட்டு. பேனாக்கத்தியை வைத்துச் சுற்றி இழுத்தது போல அத்தனை சுத்தம். வெட்டுக்கு மேலே இருந்த பகுதி காய்ந்து, காற்றடித்ததும் ஒடிந்து விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மகாலிங்கத்துக்கு நிலைகொள்ளவில்லை. "இது கத்தி இல்லை, கந்தப்பன். வண்டு! பெட்டை வண்டு பல்லாலை சுத்தவரக் கடிச்சிட்டு, மேலே முட்டையிட்டு வைக்கும். மேல்பக்கம் காய்ஞ்சால்தான் அதின்ரை புழுவுக்குச் சாப்பாடு. நான் கண்டதேயில்லை இதை. குச்சியள் எல்லாம் எனக்கு வேணும்."

கந்தப்பன் தலையைச் சொறிந்தான். பங்களாத் தோட்டத்தில் விழுகிற குச்சி எதுவானாலும் அன்றன்றைக்கே எரித்துவிட வேண்டும் என்பது துரையின் கண்டிப்பான கட்டளை. பூச்சி புழு அண்டாமல் இருக்கத்தான் அந்தக் கட்டளை.

"தொரைக்குத் தெரிஞ்சா வம்புங்களே ஐயா."

"ஆர் சொல்லப்போகினம்? கொஞ்சத்தை இஞ்சை அனுப்பும். மிச்சத்தை உம்மடை மண்வெட்டி வைக்கிற ஆயுதக் கொட்டிலுக்குப் பின்னாலை கட்டி வையும். நான் வந்து வந்து பாக்கிறன். எத்தனை நாளிலை வெளியிலை வருதெண்டு தெரியவேணும்."

கேட்டது மகாலிங்கம் ஐயா. கந்தப்பன் மாட்டேன் என்பானா? பேச்சியம்மா ஒரு கூடைக் குச்சியைத் தலையில் சுமந்துகொண்டுபோய் ஐயா வீட்டுச் சமையல் குசினி வாசலில் கொட்டினாள். மிச்சம் கொட்டிலுக்குப் பின்னால் கட்டாகக் கிடந்தது.

மாதங்கள் கழித்து, ஐயா கண்ணாடிப் போத்தலில் போட்டுத் துணி கட்டி வைத்திருந்த குச்சியிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்தது. விரல்கணு அளவுதான் இருக்கும். பட்டையின் நிறத்தில் சாம்பல் பூசின உடம்பு. குச்சியோடு ஒட்டி உட்கார்ந்தால் அங்கே ஒரு வண்டு இருக்கிறதென்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. கந்தப்பன் அதற்குச் சாம்பலாண்டி என்று பெயர் வைத்தான். மகாலிங்கம் அதை ஊசியில் குத்தி, மூன்றாவது சுருட்டுப் பெட்டியின் நடுவில், நாலு பக்கமும் இடம் விட்டுத் தனியாக நிறுத்தினார். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பிள்ளை பிறந்த சந்தோசம்.

கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த கட்டை ஐயா வந்து வந்து பார்ப்பதாகத்தான் சொல்லியிருந்தார். பிறகு மறந்துபோனார். கந்தப்பனும் மறந்துவிட்டான்.

மறுவருசம் நுவரெலியா மலர்க் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. துரைசானிக்கு அந்தக் கண்காட்சிதான் தீபாவளி, பொங்கல் எல்லாம். அவளுடைய ரோசாக்கள் முந்திய வருசம் கோப்பை வாங்கியவை. அந்தச் சமயம் பார்த்து லிந்துலையில் கந்தப்பனின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் இல்லாத வீடு, சித்தப்பன்தான் முன்னே நிற்க வேண்டும். லீவு கேட்டான். துரைசானி முடியாது என்றுவிட்டாள். கந்தப்பன் பங்களா குசினிக்கு முன்னால் நின்று, "பூவுதான் பெருசு, நம்ம வீட்டுப் புள்ள பெருசில்ல" என்று முணுமுணுத்தான். குசினிக்குள் இருந்த வேலைக்காரர் காதுகளெல்லாம் அதைக் கேட்டன.

கல்யாணத்தன்று அவன் ரோசாப் பாத்தியில் நின்றான். அடுத்த வாரமே ரோசாக் கிளைகள் விழத் தொடங்கின.

மொட்டும் மலருமாய் நின்ற கிளைகள், தலை தொங்கி, கறுத்து, ஒவ்வொன்றாக ஒடிந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் அதே மோதிர வெட்டு. பார்த்ததுமே கந்தப்பனுக்குக் கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கிற கட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தான். குச்சிகளில் எல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை, வண்டுகள் எப்போதோ வெளியே போய்விட்டன.

துரைசானி வெட்டைத்தான் பார்த்தாள். கத்தி என்றாள். லீவு கொடுக்காத கோபத்தில் தோட்டக்காரன் வெட்டுகிறான் என்றாள். குசினிக்குள் கேட்ட காதுகளும் ஆமாம் போட்டன. மறுநாள் காலை ஆபீசில் விசாரணை என்று கந்தப்பனுக்கு ஆள் வந்தது. வெட்டினது அவன்தான் என்று முடிவானால் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே அனுப்பிவிடுவார்கள். வேலை போய், பங்களாவுக்குப் பின்னால் குடியிருந்த குடிசையும் போய், வேறு தோட்டத்தில் போய் நின்றால் எதற்குத் துரத்தினார்கள் என்று முதல் கேள்வி கேட்பார்கள். துரைசானியின் ரோசாவை வெட்டினவனை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்?

கந்தப்பன் நேரே மகாலிங்கத்திடம் போனான். அவனுக்கு அப்போது பயம்கூட அவ்வளவாக இல்லை. உண்மை தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் ஐயாவாகவும் இருக்கிறார், இங்கிலீசும் பேசுவார், வேறு என்ன வேண்டும்?

"ஐயா, நம்ம சாம்பலாண்டிதாங்க. பெட்டியக் கொண்டாந்து தொரைகிட்ட காட்டிப்புடுங்க. அது போதும்."

மகாலிங்கம் விறாந்தையில் இப்படியும் அப்படியுமாக நடந்தார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"குச்சியளை வைச்சிருந்தது துரைக்குத் தெரியவந்தால் உமக்கும் வேலை போயிடும், எனக்கும் போயிடும். பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை மாத்துறதெண்டு துரை எழுதுறதாச் சொல்லியிருக்கிறார். குச்சியைப் பற்றி ஒரு சொல்லும் வாயிலை வரக்கூடாது, சரியோ?"

"சரிங்க ஐயா. பூச்சி வெட்டுச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதுங்க."

"ஊசியிலை குத்தின செத்த வண்டைக் காட்டினால், எங்கையோ பிடிச்சதெண்டு சொல்லுவார். உயிரோடை ஒண்டு வைச்சிருக்கிறன். காலமை தாறன். நீரே கொண்டுபோய்க் காட்டும். நான் பக்கத்திலை நிப்பன்."

காலையில் ஒரு வட்டச் சிகரெட் டின்னைக் கொடுத்தார். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. "இடையிலை திறவாதையும், பறந்திடும். துரைக்கு முன்னாலைதான் திறக்கவேணும்" என்றார். உள்ளே கால்கள் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. டின் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. வண்டுக்கு ஒரு குச்சியும் போட்டிருப்பார் என்று கந்தப்பன் நினைத்துக்கொண்டான்.

ஆபீஸ் மேசைக்குப் பின்னால் துரை உட்கார்ந்திருந்தார். மேசையில் வெட்டுப்பட்ட ரோசாக் கிளைகள் கிடந்தன. மகாலிங்கம் சொன்னபடியே பக்கத்தில் நின்றார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும், அதிகாரம் பண்ணுகிற அளவுக்கு.

"என்னா கந்தப்பன்? நீ வெட்டினது?"

"இல்லீங்க தொரே. பூச்சிங்க. ராவுல வந்து வெட்டுற பூச்சி. இந்தாருக்குங்க, கையோட கொண்டாந்திருக்கேன்."

மேசைமேல் டின்னை வைத்து மூடியைத் திறந்தான்.

உள்ளே இருந்து ஏறி வந்தது புள்ளிக்காரன். முதுகு நிறைய ஆரஞ்சுப் புள்ளி. இடது கொம்பின் நுனி ஒடிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தி மரத்திலிருந்து கந்தப்பன் தன் கையால் பிடித்தபோது ஒடிந்த நுனி அது. "அட பாவமே, கொம்ப ஒடச்சிப்புட்டேனே" என்று வருத்தப்பட்டு, அப்படியே ஐயாவிடம் கொடுத்த அதே வண்டு. அது மேசைமேல் நின்றுகொண்டு கழுத்தை ஆட்டிக் கீச்சென்றது.

கந்தப்பன் மகாலிங்கத்தைப் பார்த்தான். எங்கேயோ கை மாறிப்போயிருக்கும், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தான். மகாலிங்கம் வண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துரை அவரிடம் இங்கிலீசில் ஏதோ கேட்டார். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். துரை தலையாட்டிவிட்டுக் கந்தப்பன் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பூச்சி அத்தி மரம் தின்னுது. ரோசா தொடாது. மருந்து ஐயா சொல்றான். என்னா பேசுறது நீ?"

மகாலிங்கம் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் கந்தப்பனின் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எந்த வண்டு, எந்த மரம், எதைத் தின்னும், எதைத் தொடாது, எல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான்.

"இது இல்லீங்க தொரே! வேற ஒண்ணு, சாம்பக் கலரு. ஐயாவோட பெட்டியில இருக்குங்க. நானே பாத்திருக்கேன். மூணாவது பெட்டி, நடுவால."

துரை பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஆள் போய்ச் சுருட்டுப் பெட்டிகளைச் சுமந்து வந்து மேசையில் வைத்தான். கந்தப்பன் தானே மூன்றாவது பெட்டியைத் திறந்தான். புள்ளிக்காரர்கள் இருந்தார்கள், பென்சில்கள் இருந்தார்கள். நடுவில், நாலு பக்கமும் இடம் விட்டிருந்த அந்த இடத்தில் தக்கைதான் இருந்தது. தக்கையில் ஊசி குத்தின ஓட்டை இருந்தது.

தெரியாமல் மாறிப்போன டின் இல்லை என்பது கந்தப்பனுக்கு அப்போது விளங்கிவிட்டது. ராவோடு ராவாக உட்கார்ந்து யோசித்து, எதை எடுக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துச் செய்த வேலை. அழுகை வந்தது. கொடுத்த வாக்கெல்லாம் பறந்துபோனது.

"ஐயா சொல்லித்தாங்க குச்சிய எரிக்காம வச்சேன்! அதுலேருந்து வந்த பூச்சிதாங்க ரோசாவத் தின்னுது. கேளுங்க தொரே, ஐயாவக் கேளுங்க!"

துரையின் முகம் சிவந்தது. "குச்சி எரிக்காமே வெச்சே? என் ஆர்டர் என்னா?"

மகாலிங்கத்தையும் கேட்டார். மகாலிங்கம் இரண்டு கையையும் விரித்தார். "நான் மருந்துக்காரன், சேர். இவன்ரை விறகோடை எனக்கென்ன அலுவல்?" என்று தமிழிலேயே சொன்னார். அங்கே நின்ற கங்காணிக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் விளங்கட்டும் என்றுதான் தமிழில் சொன்னார் போலும்.

பேச்சியம்மா துரைசானியின் காலில் விழுந்து கிடந்ததால் பத்துச்சீட்டு மட்டும் தப்பியது. பூந்தோட்டம் போனது, குடிசை போனது. லயத்தின் கடைசிக் காம்பிராவுக்கு, ஒற்றை அறைக்கு, மாறினார்கள். கந்தப்பனை, இரும்பு முள்ளால் தேயிலைக்கடியில் மண்ணைக் குத்திப் புரட்டுகிற ஆட்களோடு மலையில் விட்டார்கள். ரோசாவெட்டி என்று பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஓடின. லிந்துலையிலிருந்து அண்ணன் வந்து, "கல்யாணத்துக்கு வரமுடியலேன்னா என்னடா, அதுக்காக அடுத்தவன் பூவ வெட்டுவியா?" என்று கேட்டபோதுதான் கந்தப்பன் முதன்முதலாக வாய்விட்டு அழுதான். கூடப் பிறந்தவனே நம்பிவிட்டானே.

பேச்சியம்மாவுக்கு ஆறவில்லை. "அந்தக் குச்சிக் கூடைய என் தலையிலதானே செமந்தேன். அந்த மனுசன் வீட்டு வாசல்ல போயி மண்ண வாரித் தூத்திட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

"வேணாம் புள்ள. பயந்துட்டாரு. அவரும் பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்காரு, கரையேத்தணும், வேல போயிருமோன்னு பயந்துட்டாரு. பயந்த மனுசன் என்ன வேணா செய்வான்."

இதைத்தான் அந்த வருசம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளிடம் சொன்னதைவிடத் தன்னிடமே அதிகம் சொல்லிக்கொண்டான். முள்ளைக் குத்திப் புரட்டும்போதெல்லாம் அந்த விறாந்தையும் வாங்கும் ஞாபகத்துக்கு வரும். அத்தனையும் பொய்யாகவா இருக்கும் என்று மனசு கேட்கும். இருக்காது, பயம்தான், வேறொன்றுமில்லை என்று தானே பதிலும் சொல்வான். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான், கொத்தமல்லியைக் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். என்றாலும் மகாலிங்கத்தை ஒரு வார்த்தை திட்டினதில்லை. பேச்சியம்மா அவனைப் பைத்தியக்காரன் என்றாள்.

அடுத்த வருசமும் ரோசாக் கிளைகள் விழுந்தன. புதுத் தோட்டக்காரன் மூக்கனுக்குத் துரைசானியோடு ஒரு சண்டையும் கிடையாது, வாயும் கிடையாது. அதனால் யாரும் கத்தியைத் தேடவில்லை. துரையே விடியக்காலையில் எழுந்துபோய்ப் பாத்தியில் காத்திருந்து, கிளையைச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்த வண்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். செய்தி லயத்துக்கு வருமுன்னே கந்தப்பனின் காதுக்கு வந்துவிட்டது. மூக்கன்தான் மலைக்கு ஓடிவந்து சொன்னான்.

"சாம்பக் கலருண்ணே. நீ சொன்னியே, அதே மாதிரி! தொர மருந்துக்கார ஐயாகிட்ட எடுத்துட்டுப் போயிருக்காரு. ஐயா பாத்த ஒடனே பேரு ஊரு எல்லாம் சொல்லிட்டாராம். தொரைக்கு ஒரே சந்தோசம். நாளைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் காட்டப்போறாங்க."

அன்றைக்குக் கந்தப்பன் சாப்பிடக்கூட இல்லை. பேச்சியம்மாவிடம் வெள்ளை வேட்டியைத் துவைத்துப் போடச் சொன்னான். முள்ளுக்குத்தப் போகிறவனுக்கு வெள்ளை வேட்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

காலையில், வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் சனம் கூடியது. கொழுந்துப் பெண்கள் ஒரு பக்கம், ஆம்பிளையாள் ஒரு பக்கம். துரை வந்தார். பின்னாலேயே மகாலிங்கம், கையில் ஒரு கண்ணாடிப் போத்தலோடு. போத்தலுக்குள் குச்சியோடு ஒட்டிக்கொண்டு சாம்பலாண்டி. மகாலிங்கம் அதை உயர்த்திக் காட்டிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், சும்மா சொல்லக்கூடாது. கொம்பைக் காட்டினார், கழுத்து முள்ளைக் காட்டினார், எப்படிச் சுற்றிக் கடிக்கும், எங்கே முட்டையிடும், விழுந்த குச்சியை ஏன் எரிக்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கந்தப்பன் ஒவ்வொரு சொல்லையும் அவருக்கு முன்பாகவே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றான்.

துரைக்கு ஏதோ ஞாபகம் வந்தது. கூட்டத்தில் தேடினார்.

"கந்தப்பன் எங்கே? இங்கே வா."

களத்துக்கு நடுவில் வந்து நின்றான். துரை போத்தலை வாங்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"போன வருசம் நீ சொன்னது இந்தப் பூச்சி?"

"ஆமாங்க தொரே. இதுதாங்க. இதேதாங்க."

சனத்துக்குள் சலசலப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்தில் பேச்சியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துரை முகத்தில் கோபம் இல்லை. தப்புச் செய்திருந்தால் சரி பண்ணிவிடலாம் என்று நினைக்கிற மனுசனின் முகமாக அது இருந்தது. மகாலிங்கத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"மருந்து ஐயா, போன வருசம் இந்தப் பூச்சி இங்கே இருந்தது?"

ஒரு சொல்தான். இருந்தது என்று சொன்னால் போதும். குச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை, இப்போதுதான் விளங்குகிறது என்று சொன்னாலும் துரை முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பார். மாற்றலும் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறார் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை.

"இல்லை, சேர்" என்றார் மகாலிங்கம். "இந்த வருசம்தான் இஞ்சாலைப் பக்கம் வந்திருக்கு. போன வருசம் இருக்கேல்லை."

சலசலப்பு நின்றுபோனது. போன வருசம் பூச்சி இல்லையென்றால் போன வருசம் வெட்டினது யார் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் விளங்கியது. ஒரு வருசமாக வாய்ப்பேச்சாக இருந்த பழியை, படித்த மனுசர் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் உறுதிப்படுத்திவிட்டார். துரை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கந்தப்பன் போகவில்லை.

"ஐயா" என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஒரே ஒரு தடவ என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. போன வருசம் இந்தப் பூச்சி இல்லீங்களா?"

ஆபீசில் வண்டைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுசர் இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். கண் தாழவில்லை, குரல் தடுமாறவில்லை.

"இல்லை" என்றார்.

பேச்சியம்மா பெண்கள் பக்கத்திலிருந்து கத்தினாள். குச்சிக் கூடையைச் சொன்னாள், குசினி வாசலைச் சொன்னாள், சொல்லக்கூடாத வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னாள். கங்காணி அவளை அதட்டினான். துரை ஏற்கெனவே திரும்பி நடந்துவிட்டார். மகாலிங்கம் போத்தலை அணைத்தபடி அவருக்குப் பின்னால் போனார், குச்சி ஆடி வண்டு விழுந்துவிடாமல் ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு.

ஆட்கள் மலைக்குப் பிரிந்தார்கள். பேச்சியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கந்தப்பனின் கையைப் பிடித்தாள். அவன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"பயந்துட்டாருன்னு நெனச்சேன் புள்ள" என்றான். "வருசம் பூரா அப்புடித்தானே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முள்ளை எடுத்துத் தோளில் வைத்தான். இரண்டு பேரும் சனத்துக்குப் பின்னால் மலைக்கு ஏறினார்கள்.